எட்டு முதல் பத்தாம் வகுப்பு வரை: வளரிளம் பருவ மூளைக்கு ஏற்றபடி பாடம் நடத்த ஒரு முழுமையான வழிகாட்டி

ஆறாம் வகுப்பில் ஒரு கேள்வி கேட்டால் "மிஸ், மிஸ், நான் சொல்றேன் மிஸ்" என்று பாதி வகுப்பு எழுந்து நிற்கும். அதே பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்புக்கு வந்த பிறகு, கேள்வி கேட்ட மறுநொடி எல்லாத் தலையும் புத்தகத்துக்குள் போய்விடும். ஸ்டாஃப் ரூமில் இதற்குச் சொல்லப்படும் காரணங்கள் செல்போன், திமிர், வீட்டில் கண்டிப்பு இல்லாதது. அவற்றில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் நடுவில் கடந்த மூன்று ஆண்டுகளில் அந்தத் தலைக்குள் நடந்த வேலையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

இது எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்பு ஆசிரியர்களுக்கானது. 40, 45 பிள்ளைகள், முக்கால் மணி நேரப் பீரியடு, முடித்தே ஆக வேண்டிய போர்ஷன், தலைக்கு மேல் பொதுத் தேர்வு. இதற்குள் செய்ய முடிவதை மட்டும் சொல்கிறேன். ஸ்மார்ட் போர்டு வேண்டாம், சாக்பீஸ் போதும்.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது

அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தில் ஜே கீட் என்ற மருத்துவரின் குழு, ஒரே பிள்ளைகளை மீண்டும் மீண்டும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்து 1999இல் முடிவுகளை வெளியிட்டது. நெற்றிப் பக்க மூளையில் சாம்பல் நிறப் பொருள் (நரம்புச் செல்கள் நிறைந்த பகுதி) பெண் பிள்ளைகளுக்கு 11 வயதையும் ஆண் பிள்ளைகளுக்கு 12 வயதையும் ஒட்டி உச்சத்துக்குப் போய், அதன்பின் மெல்லக் குறைகிறது. குறைகிறது என்றதும் பயப்பட வேண்டாம். புழங்காத நரம்பிணைப்புகள் கழிகின்றன. புழங்கும் நரம்புகளின் மேல் மையலின் என்ற கொழுப்பு உறை கனத்து, செய்தி வேகமாக ஓடுகிறது. திட்டமிடுவது, பொறுப்பது, வாயில் வந்ததைச் சொல்லாமல் அடக்குவது எல்லாம் இந்தப் பகுதியின் வேலை. அது முழுதாக முதிர இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடும்.

ஆனால் பாராட்டுக்கும் பரிசுக்கும் புதுமைக்கும் துள்ளும் பகுதிகள் பூப்பெய்தும் வயதிலேயே முழு வேகத்தில் வேலை செய்யத் தொடங்கிவிடுகின்றன. எனவே 14 வயதுப் பிள்ளையிடம் வலுவாக இருப்பவை: சக வயதினரின் பார்வை, தன் மதிப்பு, புதியதன்மீது ஆர்வம், "ஏன்?" என்ற கேள்வி. வலு குறைந்தவை: திட்டம், நிதானம், நாளைக்கு என்ன ஆகும் என்ற கணக்கு. நம் வகுப்பறை வழக்கங்கள் பெரும்பாலும் வலுவானதை அடக்கிவிட்டு, இல்லாததை எதிர்பார்க்கின்றன. கீழே உள்ள படிகள் எல்லாம் இதைத் திருப்பிப் போடும் முயற்சிதான்.

ஒரு எச்சரிக்கை. "மூளை சார்ந்த கற்பித்தல்" என்ற பெயரில் பயிற்சிகளில் இரண்டு சரக்கு ஓடுகிறது. ஒன்று, இடது மூளைப் பிள்ளை, வலது மூளைப் பிள்ளை. மற்றொன்று, பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர் என்று பிரிப்பது. இரண்டாவதுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2008இலேயே விரிவான ஆய்வுத் தொகுப்பு ஒன்று சொல்லிவிட்டது. முதலாவது பற்றிப் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

படி 1: பாடத்தை விளக்கத்தில் தொடங்காதீர்கள், ஊகத்தில் தொடங்குங்கள்

பத்தாம் வகுப்பு அறிவியலில் முதல் பாடம் இயக்க விதிகள். வழக்கம்போல வரையறையை எழுதிப் போட்டு, சமன்பாட்டைப் போட்டு, கடைசியில் "கிரிக்கெட் வீரர் பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னுக்கு இழுக்கிறாரே, அது இதனால்தான்" என்று முடிப்போம். அதைத் தலைகீழாக்குங்கள். உள்ளே வந்ததும் பலகையில் கேள்வியையும் மூன்று விடைகளையும் எழுதுங்கள்.

வேகமாக வரும் பந்தைக் கையைப் பின்னுக்கு இழுத்தபடி பிடித்தால் வலிப்பதில்லை. ஏன்?
1. பந்தின் உந்த மாற்றம் குறைகிறது
2. பந்து நிற்க எடுக்கும் நேரம் கூடுகிறது
3. கைக்கு வலு கூடுகிறது

ஒரு நிமிடம் பேசாமல் யோசிக்கட்டும். "மூணு எண்ணுவேன், உங்க விடை எந்த நம்பரோ அத்தனை விரலை நெஞ்சோடு ஒட்டிக் காட்டுங்க" என்று சொல்லுங்கள். நெஞ்சோடு ஒட்டிக் காட்டச் சொல்வதில் காரணம் இருக்கிறது. உங்களுக்குத் தெரியும், பக்கத்து பெஞ்சுக்குச் சுலபமாகத் தெரியாது. தப்பான விடை சொல்லி நாலு பேர் முன்னால் அசடு வழிய வேண்டிய பயம் போய்விடும். நிறையப் பேர் 1 என்று காட்டுவார்கள். இப்போது விடையைச் சொல்லிவிடாதீர்கள். "பக்கத்துல வேற நம்பர் காட்டினவங்களோட ரெண்டு நிமிஷம் சண்டை போடுங்க." வகுப்பு இரையும், இரையட்டும். பிறகு மறுபடி விரல்.

அதன்பின் நீங்கள் பேசலாம். எப்படிப் பிடித்தாலும் பந்து நிற்கத்தான் போகிறது, உந்த மாற்றம் ஒன்றுதான். அதே மாற்றம் அதிக நேரத்தில் நடந்தால் விசை குறைவு. தான் பந்தயம் கட்டிய விடையைப் பற்றிய விளக்கம் என்பதால் கேட்டுக்கொண்டிருப்பார்கள். 1990களின் தொடக்கத்தில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எரிக் மஸூர் என்ற இயற்பியல் பேராசிரியர் தன் விரிவுரைகளை இப்படித்தான் மாற்றி அமைத்தார். கல்லூரி மாணவர்களுக்காக வந்த முறைதான். ஆனால் நண்பனின் கருத்து எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தெரியும் 14 வயதுக்கு இது இன்னும் நன்றாகப் பொருந்துகிறது. பேசாதே என்று நாள் முழுக்கச் சொல்வதைவிட, பேச வேண்டியதை நாமே கொடுப்பது சுலபம்.

ஒரே மூச்சில் புதிதாகச் சொல்வதை மூன்று, நான்கு கருத்துகளோடு நிறுத்துங்கள். மனம் ஒரே நேரத்தில் ஏந்தி வைத்திருக்கக்கூடிய புதுச் சரக்கு ஏறக்குறைய அவ்வளவுதான். அதற்கு மேல் சொன்னால் நோட்டில் ஏறும், தலையில் ஏறாது.

படி 2: ஸ்லிப் டெஸ்டைக் காப்பாற்றுங்கள், மார்க்கை எடுத்துவிடுங்கள்

இந்த ஒரு படியை மட்டும் செய்துவிட்டு மற்றதை எல்லாம் விட்டாலும் எனக்குச் சம்மதம்.

நாம் நடத்தும் ஸ்லிப் டெஸ்ட் எப்படி இருக்கும்? முதல் நாளே அறிவிப்போம். 10 மார்க். திருத்தி, பெயர் சொல்லி, மார்க்கைச் சத்தமாக வாசித்து, ஐந்துக்குக் கீழே வாங்கியவர்களுக்கு இம்போசிஷன். பிள்ளைக்கு அதில் நினைவில் தங்குவது தன் பெயரும் மார்க்கும் மட்டும்.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட சோதனை இது. கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு உரைநடைப் பகுதிகளைக் கொடுத்தார்கள். ஒன்றை இரண்டு முறை படித்தார்கள். மற்றொன்றை ஒரு முறை படித்துவிட்டு, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்த பகுதியே சற்று அதிகம் நினைவில் இருந்தது. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை மாறியது. எழுதிப் பார்த்த பகுதியில் 56 சதவீதமும் திரும்பப் படித்த பகுதியில் 42 சதவீதமும் நினைவில் இருந்தன. "நல்லாப் படிச்சேன் மிஸ், பரீட்சையில மறந்து போச்சு" என்று அழும் பிள்ளை பொய் சொல்லவில்லை. படித்தது உண்மை. புத்தகத்தை மூடிவிட்டு எடுத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

செய்முறை: ஒவ்வொரு பீரியடிலும் முதல் ஐந்து நிமிடம். வருகைப் பதிவு எடுக்கும்போதே பலகையில் மூன்று கேள்விகள் இருக்கட்டும். ஒன்று நேற்று நடத்தியது, ஒன்று போன வாரம், ஒன்று ஒன்றிரண்டு மாதத்துக்கு முன்னால் நடத்தியது. உதாரணமாக:

நேற்று: ஓம் விதியை எழுது.
போன வாரம்: நல்லியல்பு வாயுச் சமன்பாடு எது?
இரண்டு மாதத்துக்கு முன்: கிட்டப்பார்வைக்கு எந்த லென்ஸ் கொடுப்பார்கள், ஏன் அது?

ரஃப் நோட்டில், புத்தகத்தை மூடி வைத்து எழுத வேண்டும். தெரியாவிட்டாலும் எதையாவது எழுத வேண்டும். பிறகு புத்தகத்தைத் திறந்து, வேறு நிறப் பேனாவால் தானே திருத்திக்கொள்ள வேண்டும். மார்க் கிடையாது, யாரும் வாங்கிப் பார்க்கப் போவதில்லை. நீங்கள் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து, எந்தக் கேள்வியில் வகுப்பு முழுக்கத் தடுமாறுகிறது என்று மட்டும் பாருங்கள். அடுத்த வாரம் அதே கேள்வி மறுபடி வரட்டும்.

முதல் இரண்டு வாரம் முணுமுணுப்பு இருக்கும். "மிஸ், அது போன மாசமே முடிஞ்சு போச்சே" என்பார்கள். மூன்றாவது கேள்விதான் அவர்களைக் கடுப்பேற்றும். ஆனால் நீங்கள் கைவிடக் கூடாத கேள்வியும் அதுதான். பாதி மறந்த நேரத்தில் முயன்று எடுக்கும்போதுதான் அந்த இணைப்பு உறுதியாகிறது. மார்க் இல்லாவிட்டால் எழுதாமல் உட்கார்ந்திருப்பவர்களும் இருப்பார்கள், நாலைந்து பேர். அவர்களிடம் போய் மெதுவாக ஒரே ஒரு கேள்வியை வாயால் கேளுங்கள். எழுதச் சோம்பல் படும் பிள்ளை பல நேரம் வாயால் சொல்லிவிடும்.

படி 3: கணக்குகளைக் கலந்து கொடுங்கள்

கணித ஆசிரியர்களுக்கு இது தனியாக. பத்தாம் வகுப்பு அளவியல் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கூம்பின் கன அளவுப் பயிற்சியில் வரும் எல்லாக் கணக்குக்கும் கூம்பின் கன அளவுச் சூத்திரம்தான் என்று பிள்ளைக்குக் கணக்கை வாசிக்காமலே தெரியும். எனவே வகுப்பில் எல்லாம் சரி. திருப்புதல் தேர்வில் "கூடாரத்துக்கு எவ்வளவு துணி வேண்டும்?" என்று வந்ததும் கன அளவைப் போட்டு வைத்துவிடும். அந்தப் பிள்ளைக்குச் சூத்திரம் தெரியாமல் இல்லை, எதை எடுப்பது என்ற தேர்வில்தான் பழக்கம் இல்லை.

அமெரிக்காவில் ஃபுளோரிடாவில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் உளவியலாளர் டக் ரோரரின் குழு செய்த சோதனை 2015இல் வெளிவந்தது. ஒரே வகைக் கணக்குகளை அடுத்தடுத்துச் செய்து பழகியவற்றில் ஒரு மாதம் கழித்து 42 சதவீதம் சரி. பல வகைக் கணக்குகளைக் கலந்து பழகியவற்றில் 74 சதவீதம். கொடுத்த கணக்குகள் அதேதான், வரிசை மட்டும் வேறு.

இதற்காகப் பாடத்தின் வரிசையைக் கலைக்க வேண்டாம். வாரம் ஒரு நாள், எட்டு நிமிடம். கூடாரம், உருக்கி வார்த்த கோளம், மேலே அரைக்கோளம் வைத்த ஐஸ்கிரீம் கூம்பு, உருளை வடிவத் தண்ணீர்த் தொட்டி என்று பத்துக் கணக்குகளை வாசியுங்கள். யாரும் கணக்குப் போட வேண்டாம். எந்தச் சூத்திரம், ஏன் என்று மட்டும் எழுதட்டும். கணக்குப் போடுவதில் மெதுவாக இருக்கும் பிள்ளைகள் இதில் முந்துவதைப் பார்ப்பீர்கள்.

படி 4: நாலு பேர் முன்னால் தோற்கடிக்காதீர்கள்

2005இல் கார்ட்னர், ஸ்டைன்பெர்க் என்ற இரு உளவியலாளர்கள் 306 பேரை கணினியில் கார் ஓட்டும் விளையாட்டை ஆட வைத்தார்கள். மஞ்சள் விளக்கு எரிந்த பிறகு எவ்வளவு தூரம் துணிந்து போகிறார்கள் என்று பார்ப்பதுதான் சோதனை. தனியாக ஆடியபோது 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் பெரியவர்களோடு ஒப்பிடப் பெரிய வித்தியாசம் இல்லாமல் நிதானமாகவே ஆடினார்கள். பக்கத்தில் நண்பர்கள் நின்றபோது துணிச்சல் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. பெரியவர்களுக்கு அந்த மாற்றம் இல்லை.

கடைசி பெஞ்சுப் பையன் தனியாக வரும்போது "சொல்லுங்க சார்" என்று பணிவாக நிற்பதும், வகுப்பில் எதிர்த்துப் பேசுவதும் இதனால்தான். இரண்டும் அவன்தான், நடிப்பில்லை. 45 பேர் பார்க்கும்போது "எழுந்திருடா, என்ன சொன்னே, மறுபடி சொல்லு" என்று நீங்கள் கேட்டால், பின்வாங்க அவனுக்கு வழியே இல்லை. நீங்கள் ஜெயிக்கலாம். அந்த ஆண்டு முழுக்க அவன் உங்கள் பாடத்தைப் படிக்க மாட்டான்.

மாற்று வழி சாதாரணமானதுதான். பாடத்தை நிறுத்தாமல் நடத்திக்கொண்டே அவன் பெஞ்சுப் பக்கம் போய், புத்தகத்தில் விரலை வைத்து, அவனுக்கு மட்டும் கேட்கிறபடி "பெல் அடிச்சதும் ஒரு நிமிஷம் பாத்துட்டுப் போ" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். நின்று முறைக்க வேண்டாம். வெளியே வந்ததும் "ஏன் அப்படிப் பேசினே?" என்று தொடங்காதீர்கள். அதற்கு அவனிடம் விடை கிடையாது. "இன்னைக்கு ஏதோ சரியில்லையே தம்பி, என்ன?" என்று கேளுங்கள். சில நாள் "ஒண்ணுமில்ல சார்" என்பான். சில நாள் வீட்டில் நடந்தது வெளியே வரும். தப்புக்குத் தண்டனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்குப் பார்வையாளர்கள் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

மார்க்கைச் சத்தமாக வாசிப்பது, "எருமை", "மரமண்டை" என்று செல்லமாகத் திட்டுவது, ரேங்க் பட்டியலைச் சுவரில் ஒட்டுவது ஆகியவையும் இதே கணக்கில்தான் வரும். பொதுத் தேர்வில் மாநில அளவிலான ரேங்க் அறிவிப்பதைத் தமிழ்நாடு அரசு 2017இல் நிறுத்திவிட்டது. வகுப்பறைச் சுவரில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறோம்.

படி 5: சிவப்புப் பேனாவில் கடுமையும் நம்பிக்கையும் சேர்ந்து வரட்டும்

2014இல் அமெரிக்க உளவியலாளர் டேவிட் யீகரின் குழு வெளியிட்ட ஆய்வில், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதிய கட்டுரைகளை ஆசிரியர்கள் வழக்கம்போலத் திருத்தினார்கள். பாதிப் பேரின் தாளில் ஒரு சிறு குறிப்பும் ஒட்டப்பட்டது. உன்னிடம் நான் நிறைய எதிர்பார்க்கிறேன், உன்னால் அதை எட்ட முடியும் என்று தெரியும், அதனால்தான் இந்தத் திருத்தங்கள் என்பது அதன் சாரம். கட்டுரையைத் திருத்தி மறுபடி எழுதிக் கொண்டுவருவது அவரவர் விருப்பம். கறுப்பினப் பிள்ளைகளில் இந்தக் குறிப்பு இல்லாதவர்களில் 17 சதவீதம்தான் திருத்தி எழுதினார்கள். குறிப்பு இருந்தவர்களில் 72 சதவீதம். ஆசிரியர் தன்னை மட்டமாக நினைக்கிறாரோ என்ற சந்தேகம் எந்தப் பிள்ளைக்கு அதிகமோ, அந்தப் பிள்ளைக்கு இது அதிகம் வேலை செய்கிறது. நம் வகுப்பில் அப்படிப்பட்ட பிள்ளைகள் யார் என்று உங்களுக்கே தெரியும்.

"கவனம் தேவை", "மோசம்" என்று எழுதுவதற்குப் பதிலாக எப்படி எழுதலாம்? ஓம் விதி விடைத்தாளில் இப்படி: "மின்னோட்டம், மின்னழுத்த வேறுபாடு இரண்டையும் சரியாக இணைத்திருக்கிறாய். மாறா வெப்பநிலையில் என்ற நிபந்தனை விட்டுப்போயிருக்கிறது. அது இல்லாவிட்டால் விதி நிற்காது. நாளை மறுபடி எழுதிக் காட்டு. உன்னால் முடியும் என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன்." நான்கு செக்‌ஷன் எடுப்பவர் எல்லாத் தாளிலும் இப்படி எழுத முடியாது. ஒரு தேர்வுக்கு ஒரு செக்‌ஷனில் ஆறு பேர் என்று வைத்துக்கொண்டு சுற்றில் விடுங்கள். முதல் சுற்றில் யார் வர வேண்டும் என்பதை மார்க்கைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், முகத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

படி 6: "எதுக்கு மிஸ் இதைப் படிக்கணும்?" என்ற கேள்விக்குப் பதில் வைத்திருங்கள்

பொதுத் தேர்வில் வரும் என்பது பதில்தான், ஆனால் பத்தாம் வகுப்பு ஜனவரியில்தான் அது வேலை செய்யும். இந்த வயதுக்கு ஏமாற்றப்படுவது பிடிக்காது, அநியாயத்தைப் பார்த்தால் சுர்ரென்று ஏறும். 2016இல் வெளியான ஓர் ஆய்வில், டெக்சஸ் மாநில எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, சத்துணவு உடம்புக்கு நல்லது என்று சொல்லாமல், நொறுக்குத்தீனி நிறுவனங்கள் பிள்ளைகளை எப்படிக் குறிவைத்து விற்கின்றன என்று சொன்னார்கள். அடுத்த நாள் தின்பண்டம் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது அந்தப் பிள்ளைகள் நல்லதை அதிகம் எடுத்தார்கள். சதவீதக் கணக்கு நடத்தும்போது, ஒரு ஊட்டச்சத்து பானத்தின் டப்பாவைக் கொண்டுவந்து 100 கிராமில் எத்தனை கிராம் சர்க்கரை என்று கணக்குப் போட வையுங்கள். வகுப்பு விழித்துக்கொள்ளும்.

வீட்டுப்பாடத்தில் சிறு தேர்வுரிமையும் இதில் சேரும். பத்துக் கணக்கில் எந்த ஆறு என்று அவர்களே முடிவு செய்யட்டும்.

படி 7: திட்டமிடும் வேலையை நீங்கள் கடன் கொடுங்கள்

"காலாண்டுக்கு எல்லாத்தையும் படிச்சுட்டு வாங்க" என்பது 14 வயது மூளைக்குக் கட்டளையே இல்லை, வெறும் சத்தம். எந்தப் பாடம், எத்தனை கேள்வி, எத்தனை மணிக்கு, வீட்டில் எந்த இடத்தில் உட்கார்ந்து என்று நோட்டின் ஓரத்தில் எழுத வையுங்கள். வீட்டுப்பாடத்தின் முதல் கேள்வியை வகுப்பிலேயே தொடங்கிவிட்டு அனுப்புங்கள். தொடங்குவதுதான் அவர்களுக்கு மலை, தொடங்கியது ஓடிவிடும். ரெகார்டு நோட்டுக்கு ஒரே கடைசித் தேதி வைக்காமல், படம் இந்தத் தேதி, செய்முறை அந்தத் தேதி என்று மூன்றாகப் பிரியுங்கள்.

படி 8: தூக்கத்தைப் பற்றிப் பெற்றோரிடமும் தலைமையாசிரியரிடமும் பேசுங்கள்

பருவமடைந்த பிள்ளைகளுக்குத் தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் சுரப்பு இரவில் தாமதமாகிறது. பத்து மணிக்குத் தூக்கம் வராததற்கு செல்போன் மட்டும் காரணம் இல்லை, செல்போன் அதை இன்னும் கெடுக்கிறது. 13 முதல் 18 வயதுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் தேவை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம், நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30க்கு முன்னால் தொடங்க வேண்டாம் என்று 2014இல் சொன்னது. சியாட்டில் நகரம் 2016இல் உயர்நிலைப் பள்ளி நேரத்தை 7.50இலிருந்து 8.45க்குத் தள்ளியதும், பிள்ளைகள் நாளுக்கு 34 நிமிடம் கூடுதலாகத் தூங்கினார்கள் என்று ஆய்வு காட்டியது.

நம் பள்ளிகள் 9 மணிக்கோ அதற்கு மேலோதான் தொடங்குகின்றன. ஆனால் ஏழு மணிக்கு வேன், அதற்கு முன்னால் டியூஷன், எட்டு மணிக்குச் சிறப்பு வகுப்பு என்று அந்த லாபம் முழுக்கப் போய்விடுகிறது. அன்று படித்தது நினைவில் உறைவது தூக்கத்தில்தான். விடியற்காலை நாலு மணிக்கு எழுப்பிப் படிக்க வைப்பதைப் பெருமையாகச் சொல்லும் பெற்றோரிடம் "எத்தனை மணிக்குத் தூங்கினாம்மா?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். பதினொன்றரை என்று அவர்களே சொல்லிவிட்டு யோசிப்பார்கள். இரவு பத்து மணிக்கு மேல் செல்போன் ஹாலில் சார்ஜில் இருக்கட்டும் என்று சொல்லுங்கள். அப்பா, அம்மா போனும் அங்கேயே இருந்தால்தான் இது நடக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

முதல் பீரியடு உங்களுடையதாக இருந்தால், நீண்ட விளக்கத்தில் தொடங்காமல் கையும் வாயும் அசையும் வேலையில் தொடங்குங்கள். காலைச் சிறப்பு வகுப்பும் வேண்டும், மாலைச் சிறப்பு வகுப்பும் வேண்டும் என்று எச்.எம். சொன்னால், காலை வகுப்பை விட்டுத்தரச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். மாலை வகுப்பு மட்டும் கிடைத்தாலும் நல்லதுதான். அதில் முதல் பத்து நிமிடத்தைச் சுண்டலுக்கு ஒதுக்கிவிடுங்கள்.